கறுப்பா, வெடிச்சதா?

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. ஐந்து வருஷம் அவர் பொரித்ததைத் தின்றிருக்கிறேன். அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் அவர் விற்ற பலகாரத்தின் பெயருக்காகத் தொண்டை கட்டுகிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறேன். இதிலிருந்தே என் லட்சணம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நான் அப்போது மலேசியாவில், செனாவாங்கில் ஒரு ஜப்பான் கம்பெனியில் கியூசி, தரம் பார்க்கிற வேலை. சின்னச் சின்ன பிளாஸ்டிக் மூடிகள் பெல்ட்டில் வரும். கீறல் இருந்தாலோ ஓரம் பிசிறியிருந்தாலோ சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். இதையே வருஷக்கணக்கில் செய்தால் கண் கெட்டுப்போகும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் காலர் அழுக்குதான் முதலில் தெரியும். லைனில் எனக்கு ‘ரிஜெக்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கம்பெனியின் பின்வாசலில் பஸ் நிற்கும் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் மதியம் இரண்டரைக்கு அக்காவின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். பின்சீட்டில் கட்டிய மரப்பெட்டி, சின்ன கேஸ் அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி, ஒரு குடை. மூன்று மணிக்கு ஷிஃப்ட் மாறும். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் அவரைச் சுற்றி மொய்ப்பார்கள்.

விற்றது இரண்டே சாமான். ஒன்று, அரிசி மாவில் குலா மலாக்கா வெல்லத்தைக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, வட்டமாகத் தட்டிப் பொரித்தது. கறுப்பாக இருக்கும். இன்னொன்று, கோதுமை மாவும் முட்டையும் சீனியும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. எண்ணெயில் போட்டால் தானாகப் புரண்டு, ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொள்ளும். இரண்டுக்கும் அவர் பெயர் வைக்கவில்லை. அட்டை எழுதித் தொங்கவிடவும் இல்லை.

“கறுப்பா, வெடிச்சதா?” என்று கேட்பார். அவ்வளவுதான்.

முதல் நாள் கறுப்பைக் கடித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. “அக்கா, இது நம்ம அதிரசம்தானே?” என்றேன்.

“ஆமாம்மா, உங்களோடதுதான்.”

நான் சந்தோஷமாக இரண்டாவதை எடுத்தேன். அடுத்து வந்த மலாய்ப் பெண் அதே கறுப்பைக் காட்டி, பென்டெராம் நாலு என்றாள். எங்கள் கம்பத்து ஊரில் ஹரிராயா பெருநாளுக்குச் செய்வோம் என்றும் சொன்னாள். அக்கா மலாயில், “ஆமா, உங்களோடதுதான்” என்றார். பின்னால் நின்ற நேப்பாளி காவல்காரர், எங்கள் ஊரில் இதை அனர்சா என்போம் என்றார். அவருக்கும் அதே பதில். அப்போது சீன ஆன்ட்டி ஒருத்தி வந்து வெடிச்சதைக் கையில் எடுத்து, இது எங்கள் புதுவருஷத்துச் சிரிக்கிற உருண்டை, எள்ளு மட்டும்தான் இல்லை என்றாள். “ஆமா ஆன்ட்டி, உங்களோடதுதான். எள்ளு நாளைக்குப் போட்றேன்.” மறுநாள் நிஜமாகவே எள்ளு போட்டு நாலு கொண்டுவந்தார், அவளுக்கு மட்டும்.

எனக்கு வாயில் இருந்தது கசந்துபோனது. கூட்டம் கலைந்ததும் கேட்டேன். “எல்லார்கிட்டயும் உன்னோடது உன்னோடதுன்னா, அப்புறம் யாரோடதுதான்க்கா?”

“தின்னவங்களோடது. எனக்கு சுகர் லா. நான் தொடுறதே இல்ல.”

அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. ஆனால் நான் விடவில்லை. ஐந்து வருஷமும் விடவில்லை.

அக்காவின் கதை துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. மம்பாவுக்கு அப்பால் ஒரு செம்பனை எஸ்டேட்டின் லயத்து வீட்டில் தனியாக இருந்தார். சின்ன வயதில் சிரம்பானில் ஒரு சீன வீட்டில் வேலை. வெடிச்சது அங்கே கற்றது. கறுப்பு, எஸ்டேட்டை ஒட்டிய கம்பத்து மலாய்க்காரம்மா சொல்லிக் கொடுத்தது. “அப்ப அதிரசம் இல்லையா இது?” என்று நான் அதிர்ந்தபோது, “எங்கம்மாவும் கொஞ்சம் சொல்லுச்சு” என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, உண்மையா, இன்றுவரை தெரியாது.

நான் ஏன் அந்தப் பெயருக்காக அப்படித் துடித்தேன் என்று சொல்ல வேண்டும். பழைய ஆட்கள் சிலர் அந்தக் கறுப்புப் பலகாரத்துக்கு வைத்திருந்த ஒரு மலாய்ப் பெயர் உண்டு. நம் ஆட்களைக் குத்துகிற பெயர். எழுத மாட்டேன். ஒருநாள் ஸ்டோரில் வேலை செய்கிற ஒருவன் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லி இரண்டு கேட்டான். நான் மோட்டார் மேலிருந்த அக்காவின் ஹெல்மெட்டை எடுத்து ஓங்கிவிட்டேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கரண்டியில் எண்ணெய் வடிய வடிய அவனையே பார்த்தார்.

“அந்தப் பேரு உன்னோடதா?” என்று மலாயில் கேட்டார்.

அவன் சிரிப்பு குறைந்தது. “இல்ல, எங்க தாத்தா சொல்வாரு.”

“உங்க வீட்டுல இப்ப என்ன சொல்வீங்க?”

“பென்டெராம்.”

“ஆ. அதுதான் உன்னோடது. எத்தனை?”

அவன் நாலு வாங்கிக்கொண்டு போனான். அதன் பிறகு அந்தப் பெயரை அவன் வாயில் நான் கேட்கவில்லை. “ஒரு அறை விட்டிருக்கணும்க்கா” என்றேன். “கையில கொதிக்கிற கரண்டி இருக்கு. எனக்கு எதுக்கும்மா கோவம்?” என்றார்.

இன்னொரு தடவை, புதிதாக ஒரு பெண்பிள்ளை நாலடி தள்ளிக் கடை போட்டு அதே வெடிச்சதைப் பொரிக்க ஆரம்பித்தாள். நான் சும்மா இருப்பேனா? போய்ச் சத்தம் போட்டேன். அடுத்தவள் தொழிலைத் திருடுகிறாயே, வெட்கமில்லையா என்றெல்லாம் கேட்டேன். கூட்டம் கூடிவிட்டது. நான் உச்சத்தில் இருக்கும்போது அக்கா எனக்கும் அவளுக்கும் நடுவில் நுழைந்தார். எனக்குத் துணைக்கு வருகிறார் என்று நினைத்தேன். குனிந்து அவள் அடுப்புத் தீயைக் குறைத்தார். “எண்ணெ ரொம்பக் காஞ்சா வெடிக்காது பிள்ள, வெளிய கருகிடும், உள்ள மாவு நிக்கும்” என்று சொல்லிவிட்டுத் தன் சட்டிக்குத் திரும்பிவிட்டார். பாதியில் நின்ற என் வசனத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நான் பஸ்ஸில் ஏறினேன். அது என் பஸ்கூட இல்லை.

பிறகு ஒரு ஜப்பான்காரர் வந்தார். எங்கள் பிளாண்ட் மேனேஜர், மெலிந்த ஆள். உடைந்த மலாய் பேசுவார். பின்வாசல் பக்கம் எதையோ அளக்க வந்தவர் வெடிச்சதைப் பார்த்து நின்றுவிட்டார். ஒன்று வாங்கிக் கடித்தார். அப்படியே வெயிலில் நின்று மூன்று தின்றார். தன் ஊர் ஒக்கினாவா என்றார். அங்கே இதற்கு சாத்தா ஆண்டாகி என்று பெயர், வாய் பிளந்திருப்பது சிரிப்பது மாதிரி, கல்யாணத்துக்கெல்லாம் செய்வார்கள் என்றார்.

“உங்களோடதுதான் பாஸ்” என்றார் அக்கா.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு தடவையாவது வருவார். லீவில் ஊருக்குப் போய்வந்தபோது அக்காவுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். விரல் மாதிரி கட்டைக் கட்டையாக, கருஞ்சீனிப் பாகு பூசிய பொரித்த மாவு. கரிந்தோ என்றார். அக்கா தொடாமல் என்னிடம் நீட்டினார். நான் ஒன்றைக் கடித்தேன். கருப்பட்டிச் சேவு! கடையில் வாங்கித் தின்கிற அதே சேவு, கொஞ்சம் தடிமன் அதிகம்.

நான் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். இது எங்களோடது பாஸ், தமிழர்கள் அந்தக் காலத்தில் கப்பலில் வந்து உங்கள் ஊரில் கற்றுக் கொடுத்தது, நீங்கள் வைத்திருக்கிற பாதி பலகாரம் எங்களிடமிருந்து போனதுதான் என்றேன். இதற்கெல்லாம் எனக்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்ததுகூட இல்லை. பேசும்போது அந்த நிமிஷத்தில் உண்டானது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, இடுப்பை வளைத்துக் குனிந்து நன்றி சொன்னார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவர் வாசலில் நிற்கிற தானியங்கிக் கதவுக்கும் அப்படித்தான் குனிவார் என்று பிறகுதான் கவனித்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது கம்பெனி பின்வாசலை அடைத்து வேலி போடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். கொட்டகையும் போய்விடும், வெளியே யாரும் கடை போடக்கூடாது. ஆனால் கேண்டீனில் பலகாரத்துக்கு ஒரு கவுண்டர் திறப்பார்கள். கவுண்டர் கேட்கிறவர்கள் கமிட்டி முன்னால் ஒரு சாமான் செய்து காட்ட வேண்டும். கமிட்டியில் மூன்று பேர். அந்த ஜப்பான் மேனேஜர், எச்.ஆர். அம்மா ஒருவர், தொழிலாளர் சார்பில் ஒரு ஆள். சத்தம் போடத் தெரிந்த ஆள் என்று என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு அந்தக் கவுண்டர் வேண்டும். எதையும் வேண்டும் என்று கேட்காத மனுஷி அன்றைக்குக் கேட்டார். “லயத்த இடிக்கப் போறாங்களாம்மா. வருஷக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். கேண்டீன் கெடச்சா செனாவாங்லயே ஒரு ரூம் எடுத்துக்குவேன். இல்லன்னா எங்க போறதுன்னு தெரியல லா.”

“நான் இருக்கேன்க்கா” என்றேன்.

வெடிச்சதை மட்டும் பொரித்துக் காட்டியிருந்தால் போதும். மேனேஜர் சட்டியோடு தூக்கிக்கொண்டு போயிருப்பார். இது எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு அது போதவில்லை. கேண்டீன் சுவரில் ஒரு தமிழ்ப் பெயர் தொங்க வேண்டும் என்று ஆசை. “வெடிச்சது யாரோடதுன்னே தெரியாதுக்கா. சுத்தமான அதிரசம் போடுவோம். குலா மலாக்கா வேணாம், இந்தியக் கடை வெல்லம். கோதுமை மாவு ஒரு பிடி கலப்பீங்களே, அதுவும் வேணாம்.”

“கோதுமை போடலன்னா பாகு சரியா வரணும்மா. எனக்கு அந்தப் பாகு அவ்வளவு பழக்கமில்ல.”

“பாகு நான் பாத்துக்கறேன்.”

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அதுவரை அதிரசம் சுட்டதே கிடையாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் லோபாக் கடைத்தெருவில் டப்பாவில் வாங்குவேன். டப்பாவைப் பிரித்து எவர்சில்வர் தூக்கில் மாற்றி வைப்பதுதான் என் பாரம்பரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் லயத்துக்குப் போனேன். வரிசையில் பாதி வீடுகளுக்குக் கூரையில்லை. அக்கா பச்சரிசியை ஊறவைத்து, உலர்த்தி, இடித்துச் சலித்து வைத்திருந்தார். மாவு கைக்குள் பிடித்தால் பிடிபட்டது, விட்டால் உதிர்ந்தது. அவர் வேலையில் குறையே இல்லை. நான் வெல்லத்தை அடுப்பில் ஏற்றினேன். ஏற்றிவிட்டுக் கப்பல் கதையை ஆரம்பித்தேன். இந்தத் தடவை கப்பல் சீனாவுக்கும் போனது. கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசினேன். பாகு பொங்கியது.

“ஒரு சொட்டு தண்ணியில விட்டுப் பாக்கலையாம்மா? உருண்டு வரணும்னு சொல்வாங்க.”

“பதினெட்டு வருஷமா கண்ணால பாத்தே நல்லது கெட்டது பிரிக்கறேன்க்கா. எனக்குத் தெரியாதா?”

அவர் எடுத்து வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். பிறகு, “சரிம்மா” என்று மாவை நீட்டினார்.

பிசைந்து, மேலே நெய் தடவி, பானையில் மூடி வைத்தோம். வியாழக்கிழமைதான் கமிட்டி. புதன்கிழமை கொட்டகையில் அக்கா கேட்டார், “ஒண்ணே ஒண்ணு பொரிச்சுப் பாத்துடவா?”

“ஐயையோ, கூடாதுக்கா. முதல்ல போடறது சாமிக்கு. அத ருசி பாக்கறதுக்குப் போடக்கூடாது. நாளைக்கு அங்க போட்டு முதல்ல பிள்ளையாருக்கு வச்சிட்டு அப்புறம் குடுப்போம்.” எங்கள் வீட்டில் யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எங்கேயோ கேட்டது. டப்பாவில் வாங்கும்போது முதலாவது எது என்று எப்படித் தெரியும்? ஆனால் அன்றைக்குப் பூசாரியைவிட எனக்கு பக்தி அதிகம்.

“சாமிக்குன்னா சரி” என்றார் அக்கா.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணி. கேண்டீனில் மூன்று மேசை. ஒருவர் உறைந்த கறிபஃப் பொட்டலத்தோடு வந்திருந்தார். இன்னொருவர் வாழைப்பழ உருண்டை. மூன்றாவது அக்கா, துவைத்துத் தேய்த்த சேலையில். அவர் முன்னால் நான் மூன்று மொழியில் எழுதிய அட்டை. ‘பாரம்பரிய அதிரசம்’. தமிழ்தான் எல்லாவற்றிலும் பெரிய எழுத்து.

மேனேஜர் முதலில் அவர் மேசைக்குத்தான் வந்தார். சட்டிக்குள் எட்டிப் பார்த்து, “சாத்தா ஆண்டாகி?” என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அக்கா வாழையிலையில் ஒன்றைத் தட்டி எண்ணெயில் நழுவவிட்டார். அது இறங்கியது. நுரைத்தது. ஓரம் பிரிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் கரைந்து, சட்டி முழுக்க மண் கலக்கிய வெள்ளம் மாதிரி ஆகிவிட்டது. பாகு பதம் வரவில்லை. நான் கப்பலில் இருந்தபோது முன்னாலேயே இறக்கிவிட்டேன். பிள்ளையாருக்கு வைக்க ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அக்கா அரித்து எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டார். அதுவும் கரைந்தது. மூன்றாவது தட்டும்போது அவர் விரல் இலையிலேயே நின்றுவிட்டது.

எச்.ஆர். அம்மா பேனாவைத் தட்டிக்கொண்டு மலாயில் கேட்டார். “இது என்ன? யார் செய்த மாவு?”

நான் பக்கத்தில்தான் நின்றேன். ரிஜெக்ட். லைனில் சூப்பர்வைசரையே நடுங்க வைக்கிறவள். வாய் என்று ஒன்று இருந்தால் அதைத் திறக்க அதுதான் நேரம். நான் கையிலிருந்த மார்க் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“சாயா பூஞ்ஞா” என்றார் அக்கா. என்னோடது.

ஐந்து வருஷத்தில் எதையும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மேனேஜர் ஏதோ கேட்க வாயெடுத்தார், பிறகு குனிந்து வணக்கம் சொல்லி அடுத்த மேசைக்குப் போனார். இதோடு முடியவில்லை. மார்க் போட வேண்டுமே. தெரிந்தவர் என்று சலுகை காட்டினேன் என்று யாரும் பேசிவிடக் கூடாது. நான் நேர்மையானவள் அல்லவா! பத்துக்கு ஒன்று போட்டேன். மற்ற இருவரும் போட்டதைவிடக் குறைவு.

கவுண்டர் கறிபஃப்பாருக்குப் போனது. அக்கா சட்டியைத் துடைத்து, பெட்டியைக் கட்டி, அட்டையை மடித்து என் கையில் கொடுத்தார். “எழுத்து அழகா இருக்கு, வச்சுக்கோ” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

வேலி வந்தது. அக்கா வரவில்லை. ஒருநாள் லயத்துப் பக்கம் போனேன். செங்கல் குவியல்தான் இருந்தது. விசாரிக்க வேண்டுமென்றால் பெயர் வேண்டும். மோட்டாரில் பலகாரம் விற்கிற அக்கா என்று இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு வருஷம் கழித்துத் தீபாவளிக்கு முந்தின வாரம், டப்பா வாங்க லோபாக்குக்குப் போனேன். கடை வரிசை ஓரத்தில் அதே குடை, அதே மரப்பெட்டி. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அக்கா கொஞ்சம் இளைத்திருந்தார். முகம் கொடுக்க முடியாமல் திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் கால் வரிசையில்தான் போய் நின்றது. என் முறை வந்தது.

“கறுப்பா, வெடிச்சதா?” என்றார் சட்டியைப் பார்த்தபடி.

“அக்கா, அன்னிக்கு அந்தப் பாகைக் கெடுத்தது நான்தான்” என்றேன். மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. வரிசையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். “நான்தான் முன்னாடியே எறக்கினேன். பொரிச்சுப் பாக்க வேணாம்னு சொன்னதும் நான்தான். அங்க வச்சு வாயத் தொறக்காம நின்னேன். மார்க்கும் ஒண்ணுதான்க்கா போட்டேன். அந்தத் தப்பு உங்களோடது இல்ல, என்னோடது.”

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்த மாதிரி கண் சுருங்கியது. எண்ணெயில் ஒரு உருண்டை புரண்டு வாயைப் பிளந்தது. அதை அரித்தெடுத்துக் காகிதத்தில் வைத்து நீட்டிக்கொண்டே, மலாய்ப் பெண்ணுக்கும் நேப்பாளிக்கும் ஜப்பான்காரருக்கும் சொன்ன அதே குரலில் சொன்னார்.

“ஆமாம்மா. உன்னோடதுதான்.”

வாங்கிக்கொண்டேன். கை சுட்டது. வேறு ஏதாவது சொல்வார் என்று நின்றேன். பின்னாலிருந்த ஆள், “வாங்கியாச்சுன்னா கொஞ்சம் தள்ளுங்க லா” என்றார்.

தள்ளி நின்றேன்.